கருவி எப்போது ஊருக்குச் சொந்தமாகிறது? – சிற்றூர்களும் சிறுதொழில் நுட்பமும்

வளரும் நாடுகளின் சிற்றூர்களில் சிறுதொழில் நுட்பங்களைக் கொண்டு சேர்ப்பது பற்றி இப்பொழிவில் விளக்க முற்படுகிறேன். இது பொருளியல் சார்ந்த செய்தி. எனினும் முடிவில் நாம் மொழியிடமே வந்து சேர்வோம் என்பதை முன்னரே சொல்லி வைக்கிறேன்.

சிறுதொழில் நுட்பம் என்று இங்கே குறிப்பிடுவது யாது? ஒருவரோ ஒரு குடும்பமோ தம் வீட்டிலோ ஊரிலோ வைத்து இயக்கக்கூடியது; கையாலோ காலாலோ சிறிய விசையாலோ இயங்குவது; எளியவர் வாங்கக்கூடிய விலையுடையது; அதனைக் கொண்டு ஒரு பொருளை ஆக்கி விற்கவோ வீட்டில் பயன்படுத்தவோ இயல்வது. இராட்டை, தறி, செக்கு, தேன்பெட்டி, புகையில்லா அடுப்பு ஆகியன இதில் அடங்கும்.

தேயிலையிலிருந்து தொடங்குவோம்

கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளை நாள்தோறும் காண்பவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பறித்த தேயிலைக் கொழுந்து காத்திருக்காது. அன்றன்றே ஆலைக்குச் சென்றாக வேண்டும். அங்கே அது வாட்டப்பட்டு, சுருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்ட பின்னரே தேயிலைத் தூளாகிறது. ஆகவே ஆலையை ஒட்டியே தோட்டம் அமைந்தது. தோட்டத்தை ஒட்டி லயன் வீடுகள் அமைந்தன. அவற்றை ஒட்டிக் கோயிலும் பள்ளியும் எழுந்தன. இயந்திரம் நடுவில் நின்றது; மக்கள் கடல் கடந்து அதனிடம் வந்தார்கள். தோட்டத் தமிழரின் வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தில் சுருக்கிவிடலாம்.

மக்கள் இயந்திரத்தை நாடிச் செல்வதற்கு மாறாக, இயந்திரம் மக்களை நாடி அவர்கள் வீட்டுக்கு வர இயலாதா? இக்கேள்வியும் அதே காலத்தில் எழுந்ததுதான். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அதே 1929ஆம் ஆண்டில் இந்தியாவில், காந்தியடிகளின் வழிகாட்டலில் இயங்கிய அகில பாரத சர்க்கா சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிற்றூர்க் குடிசையில் வைத்து நூற்கத்தக்க சிறந்த இராட்டை ஒன்றைப் படைத்தளிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்பது அவ்வறிவிப்பு. அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை.

ஓர் அறிவிப்பும் அதன் நிபந்தனைகளும்

அந்தப் பரிசுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் ஒவ்வொரு மாணவரும் அறிந்துகொள்ளத் தக்கவை. இராட்டை எடை குறைந்ததாகவும், எளிதில் இடம் மாற்றக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். கையாலோ காலாலோ இயல்பாக இயக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஒரு பெண் பெரிதும் களைப்படையாமல் அதில் 8 மணி நேரம் வேலை செய்ய இயல வேண்டும். அந்த 8 மணி நேரத்தில் 12 முதல் 20 எண் வரையுள்ள நூல் 16,000 அடி கிடைக்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. அவ்வப்போது பழுது பார்த்துவந்தால் 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஆண்டுதோறும் உறுப்புகளை மாற்ற ஆகும் செலவு விலையில் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

நூலின் எண் என்பதைச் சற்று விளக்குவது நன்று. 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் அடங்குமோ அதுவே நூலின் எண். எண் கூடக் கூட நூல் மெல்லிதாகும். 16,000 அடி என்பது ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சிட்டக் கணக்கில் ஆறுக்குச் சற்று மேல். 12ஆம் எண் நூலாயின் அதன் எடை அரைப் பவுண்டை ஒட்டி இருக்கும். ஒரு பெண் ஒரு குடிசையில் அமர்ந்து ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் நூல் நூற்க வேண்டுமென்றால், கேட்கப்பட்டது எத்துணை அரிய கருவி என்பது விளங்கும்.

இந்நிபந்தனைகளில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பொதுவாக இயந்திரம் படைப்பவர் அதன் வேகத்தையும் வலிமையையும் எண்ணிப்பார்ப்பார். இங்கோ, அதனை இயக்கும் பெண்ணின் களைப்பும், வீட்டின் இடவசதியும், வாங்குபவரின் கையிருப்பும், இருபதாம் ஆண்டில் நேரும் பழுதும் சேர்த்தே கணக்கிடப்பட்டன. பழுதுபார்க்கும் செலவு ஒரு கருவியின் இலக்கணத்திலேயே இடம்பெற்றது. பிற்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட 'பொருத்தமான தொழில்நுட்பம்' எனும் கருத்தின் உள்ளடக்கம் முழுவதும் இவ்வறிவிப்பில் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஆயினும் அந்தப் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவு செய்த இராட்டை வரவில்லை. காரணம் என்ன?

நூற்றல் என்பது மூன்று செயல்களின் தொகுப்பு. பஞ்சை இழுத்து நீட்டுதல், நீட்டியதை முறுக்குதல், முறுக்கியதைச் சுற்றுதல். பழைய இராட்டையில் சக்கரமும் கதிரும் முறுக்குவதற்கும் சுற்றுவதற்கும் உதவும். நீட்டும் வேலையைச் செய்வது நூற்பவரின் விரல்களே. பஞ்சு எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பதை விரல் உணரும். உணர்ந்து உடனே திருத்தும். இயந்திர உருளைக்கு அவ்வுணர்வு கிடையாது. எனவே உருளையிடம் கொடுக்கும் பஞ்சுப் பட்டை முன்கூட்டியே ஒரே சீராக இருந்தாக வேண்டும். விரலின் அறிவை இயந்திரத்துக்கு மாற்றும்போது, அதற்கு முந்தைய வேலை முழுவதும் கடினமாகிவிடுகிறது. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சற்று நேரத்தில் இதனிடம் மீண்டும் வருவோம்.

தஞ்சையில் பிறந்த கணக்காய்வாளர்

1934ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வுத் துறையில் பயின்றவர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர். வாழ்வின் இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

அவருடைய சங்கம் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் எனப் பல தொழில்களில் ஆய்வு நடத்தியது. அவற்றுள் ஒரு சிறு விளக்கைப் பற்றி மட்டும் இங்கே கூறுகிறேன். அக்காலத்துச் சிற்றூர் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு பரவியிருந்தது. மண்ணெண்ணெய் ஊரில் விளைவதன்று; வெளியிலிருந்து வாங்க வேண்டியது. ஊரிலே விளையும் வித்துகளிலிருந்து செக்கில் ஆட்டிய எண்ணெயைக் கொண்டே எரியும் விளக்கு ஒன்றை வார்தாவில் உருவாக்கினர். 'மகன் தீபம்' என்பது அதன் பெயர். காந்தியடிகளின் உறவினரும் கதர்ப்பணியில் முன்னின்றவருமான மகன்லால் காந்தியின் நினைவாக இடப்பட்ட பெயர் அது.

ஒளியின் அளவை மட்டும் ஒப்பிட்டால் மகன் தீபம் பெரிய புதுமையன்று. குமரப்பாவின் கணக்கு வேறு வகையானது. விளக்கில் எரியும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய்க்கும் கொடுத்த காசு எங்கே செல்கிறது என்று அவர் பார்த்தார். மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு ஊரைவிட்டு வெளியேறுகிறது. செக்கெண்ணெய்க்குக் கொடுத்த காசு உழவரிடமும், செக்காட்டுபவரிடமும், செக்கைச் செய்த தச்சரிடமும் சுற்றிவருகிறது. கணக்காய்வாளர் ஒருவர் சிற்றூரைக் கண்ட விதம் இது. ஒரு கருவியை மதிப்பிடும்போது அதன் வாய்க்கு இடும் இரை எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும் என்பதே அவர் நமக்குத் தரும் பாடம். 1945இல் வெளிவந்த அவருடைய 'நிலைத்த பொருளாதாரம்' எனும் கருத்துநூலின் அடிப்படையும் இத்தகைய சிந்தனையே. 1973இல் 'சிறியதே அழகு' என்னும் நூலால் உலகப் புகழ் பெற்ற பொருளியலறிஞர் ஷூமாக்கர், தம் எழுத்தில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஏகாம்பரநாதனின் இராட்டை

பரிசு அறிவிப்புக்கு இருபது ஆண்டுகள் கழிந்தபின், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் எனும் தொண்டர் புதிய இராட்டை ஒன்றை வடிவமைத்தார். அவர் பெயரின் நடுப்பகுதியையே கொண்டு அது 'அம்பர் சர்க்கா' என்று இந்தியா முழுவதும் அழைக்கப்பட்டது. நூற்பாலையில் உள்ள பெரிய இயந்திரத்தின் உருளைகளையும் வளையங்களையும் சிறிதாக்கி, ஒரு வீட்டுத் திண்ணையில் அடங்கும்படி அவர் அமைத்தார். பழைய இராட்டையின் ஒற்றைக் கதிருக்குப் பதிலாக, 1950களில் பரவிய வடிவத்தில் நான்கு கதிர்கள் இருந்தன. ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் நான்கு இழைகள் ஒரே வேளையில் நூற்கப்பட்டன.

இந்திய அரசு 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இவ்விராட்டைக்கு இடமளித்தது. அதே ஆண்டில் இதனை ஆராய ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. ஆதரவாளர்கள், இலட்சக்கணக்கான வீடுகளுக்கு வேலை கிடைக்கும் என்றனர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், 1960இல் வெளியிட்ட தம் நூலில் இதன் வரவு செலவை ஆராய்ந்து, இதனால் முதலீட்டுக்கு உரிய உபரி கிடைக்காது என்று குறை கூறினார். வேலைவாய்ப்புப் பெரிதா, உபரி பெரிதா என்ற வாதம் பொருளியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது.

அவ்வாதம் ஒருபுறமிருக்க, நாம் முன்னர் நினைவில் வைத்த செய்திக்கு வருவோம். அம்பர் இராட்டையின் உருளைகளுக்குச் சீரான பஞ்சுப் பட்டை வேண்டும். அதற்காக இராட்டையோடு பஞ்சு அடிக்கும் பொறியும், பட்டை இழுக்கும் 'பேல்னி' என்னும் பொறியும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. அவ்வேலை கடினமானது, பட்டை சீராக அமையாதபோது இழை அடிக்கடி அறுந்தது. பின்னாளில் கதர் கிராமத் தொழில் ஆணையம் கேரளத்தின் குற்றூர், கருநாடகத்தின் சித்ரதுர்கா போன்ற சில இடங்களில் பட்டை ஆலைகளை நிறுவி, அங்கிருந்து பஞ்சுப் பட்டையை நாடெங்கும் அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. நூலின் தரம் உயர்ந்தது. ஆனால் பருத்தி விளைந்த ஊரிலேயே பஞ்சடித்து, பட்டை திரித்து, நூல் நூற்ற தொடர்ச்சி அறுந்தது. தொலைவிலுள்ள ஆலையிலிருந்து பட்டை வந்தால் இராட்டை சுழலும், வராவிட்டால் நிற்கும்.

இதனால் அம்பர் இராட்டை தோற்றது என்று கூறுவது நேர்மையாகாது. ஆறு கதிர், எட்டுக் கதிர் என வளர்ந்து, கதர் நிலையங்களில் அது இன்றும் பெண்களுக்குக் கூலி தருகிறது. நாம் கற்க வேண்டியது இதுவே: கருவி என்பது ஒரு சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. அந்த ஒரு கண்ணியை ஊருக்குக் கொடுத்துவிட்டு, முன்னும் பின்னும் உள்ள கண்ணிகள் வேறிடத்தில் இருக்குமாயின், கருவி ஊரில் இருந்தாலும் அது ஊருக்குச் சொந்தமாவதில்லை.

மார்த்தாண்டத்துத் தேன்பெட்டி

இதற்கு மாறான ஒரு வரலாற்றைக் காண்போம். காலத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஐரோப்பியத் தேனீக்கான பெட்டியை 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் வடிவமைத்தார். அடைகளுக்கிடையே தேனீ நடமாட ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், அவ்விடத்தை அது மெழுகால் அடைக்காது என்பது அவர் கண்ட நுட்பம். அதனால் அடையைத் தாங்கும் சட்டங்களைத் தனித்தனியே வெளியே எடுக்கவும் திரும்ப வைக்கவும் இயன்றது. ஆனால் அந்தப் பெட்டி நம் பகுதிகளில் வாழும் சிறிய தேனீக்கு மிகப் பெரிது. அத்தேனீ மரப்பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டுவது. கூட்டத்தின் அளவும் சிறியது. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் பாதிரியார், இந்தத் தேனீயின் அளவுக்கேற்பச் சிறிய பெட்டியைச் செய்தார். அது இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றே அழைக்கப்படுகிறது.

அன்று திருவிதாங்கூரில் இருந்ததும், 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதுமான மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. எனும் கிறித்தவ இளைஞர் சங்கம் ஊரக மேம்பாட்டு நிலையம் ஒன்றை நடத்தியது. சேலத்தில் பிறந்த கே. தி. பால் அச்சங்கத்தின் ஊரகப் பணிக்கு வித்திட்டவர். 1920களில் அந்நிலையத்தில் பணியாற்றிய ஸ்பென்சர் ஹேட்ச், மக்கள் தாமே செய்துகொள்ள வேண்டும், அறிந்தவர் அருகில் நின்று வழிகாட்ட வேண்டும் என்ற கொள்கையுடையவர். அங்கே கற்பிக்கப்பட்ட தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று.

அதற்குமுன் தேன் எடுப்பது என்றால் கூட்டைக் கலைத்து, அடையைப் பிழிந்து, புழுக்களையும் அழிப்பது என்றே பொருள். பெட்டியில் புழு அறை கீழும் தேன் அறை மேலும் அமைந்தன. தேன் நிறைந்த சட்டங்களை மட்டும் எடுத்து, சுழலும் கலத்தில் வைத்துச் சுற்றினால் தேன் வெளியே தெறித்து வடியும், அடை உடையாது, அதனை மீண்டும் தேனீயிடமே கொடுக்கலாம். கூடு தப்பியது, தேனும் தூயதாயிற்று.

இத்தொழில் அவ்வட்டாரத்தில் நன்கு வேரூன்றியது. பெட்டியை ஊர்த் தச்சர் உள்ளூர் மரத்தில் செய்தார். தேனீ பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் கிடைத்தது. நிலம் இல்லாதவரும் பிறர் தோட்டத்து ஓரத்தில் பெட்டி வைக்க முடிந்தது. கைகொடுத்த மற்றொன்று, நம் நாட்டுத் தமிழர்க்கு நெருங்கிய உறவுடைய பால்மரம்! கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் மாதங்களில், பால்மரத்தின் மூன்று சிற்றிலைகளும் கூடும் இடத்தில் இனிய சாறு சுரக்கிறது. பூவே இல்லாத இடத்தில் சுரக்கும் அச்சாற்றைத் தேனீக்கள் திரட்டுகின்றன. பால்மரக் காடுகளுக்குப் பெட்டிகளைக் கொண்டு சென்று வைத்துத் தேன் எடுப்பது அவ்வட்டாரத்தின் தொழில்முறையாயிற்று. நம் முன்னோர் பால் எடுத்த அதே மர வகையிலிருந்து அங்குள்ளோர் தேன் எடுக்கிறார்கள்.

இத்தொழிலுக்கும் பெரிய சோதனை வந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புழுக்களைத் தாக்கும் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவில் பரவிப் பெரும்பாலான தேனீக் கூட்டங்களை அழித்தது. பெட்டிகள் வெறுமையாயின. ஆனால் தொழில் அழியவில்லை. தப்பிய கூட்டங்களிலிருந்து மக்கள் மெல்ல மீண்டும் பெருக்கிக்கொண்டார்கள். தேனீயைப் பிடிக்கவும், கூட்டத்தைப் பிரிக்கவும், பெட்டி செய்யவும் ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள். ஒரு தொழில்நுட்பம் ஊருக்குச் சொந்தமாகிவிட்டதா என்பதை அது நன்கு நடக்கும் நாள்களில் அறிய இயலாது. அது நின்றுபோன நாளில், மீண்டும் அதனை எழுப்புவது யார் என்பதைப் பார்த்தே அறியலாம்.

அடுப்பு தரும் எச்சரிக்கை

பெட்டியை விட எளிதாகத் தோன்றுவது அடுப்பு. விறகுப் புகை பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் கெடுப்பதால், புகைபோக்கியுடன் கூடிய மேம்பட்ட அடுப்புகளைப் பரப்ப இந்தியா 1980களில் நாடளாவிய திட்டம் ஒன்றைத் தொடங்கிப் பல கோடி ரூபாய் செலவிட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் புகைபோக்கியில் கரி படியும். மண்ணடுப்பில் வெடிப்பு விழும். துடைத்துப் பூசும் பழக்கம் நிலைபெறாவிட்டால் புதிய அடுப்பும் பழைய அடுப்பாகிவிடும்.

இதனை முறையாக அளந்து பார்த்தது பின்னர் ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டஃப்லோவும் அவருடன் இருவரும் 2012இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். புதிய அடுப்பு கிடைத்த முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அப்பயன் மறைந்துவிட்டது. அடுப்பு பழுதடைந்தது, செப்பனிடுவதும் பயன்படுத்துவதும் குறைந்துபோயின. ஆய்வுக்கூடத்தில் நன்கு எரிந்த அடுப்பு, சமையலறையில் அவ்வாறு எரியவில்லை.

நான்கு கேள்விகள்

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால், ஒரு சிற்றூருக்குக் கருவி ஒன்றைக் கொண்டுசெல்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது: இதன் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? இது குமரப்பாவின் விளக்கு எழுப்பும் கேள்வி.

இரண்டாவது: இதற்கு முந்தைய வேலையும் பிந்தைய வேலையும் யார் கையில் உள்ளன? இது ஏகாம்பரநாதனின் இராட்டை எழுப்பும் கேள்வி.

மூன்றாவது: இதைச் செய்யவும் மீண்டும் உண்டாக்கவும் ஊரில் ஆள் இருக்கிறாரா? இது மார்த்தாண்டத்துத் தேன்பெட்டியின் கேள்வி.

நான்காவது: இரண்டாம் ஆண்டில், மூன்றாம் ஆண்டில் இதைத் துடைத்துச் செப்பனிடுபவர் யார்? அதற்கான நேரம் அவருக்கு உண்டா? இது அடுப்பின் கேள்வி.

நான்கு கேள்விகளும் கருவியைப் பற்றியவையாகத் தோன்றினும், உண்மையில் மனிதர்களைப் பற்றியவை. அன்பளிப்பாக வந்த தையல் இயந்திரமோ அரைவை இயந்திரமோ துணி போர்த்தி மூலையில் கிடப்பதைப் பல ஊர்களில் காணலாம். அதனைக் கண்டு அவ்வூர் மக்களுக்கு ஊக்கமில்லை என்று கூறிவிடுவது எளிது. ஒரு சிறு உறுப்பு உடைந்திருக்கலாம். அது கிடைக்கும் கடை நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம். குறை கூறுமுன் நான்கு கேள்விகளையும் கேட்பது அறிவுடையோர் செயல்.

ஐந்தாவது கேள்வி

மொழியிடம் வந்து சேர்வோம் என்று தொடக்கத்தில் கூறினேன். ஐந்தாவது கேள்வி அதுவே: இக்கருவியின் உறுப்புகளை ஊர் மக்கள் எப்பெயரால் அழைக்கிறார்கள்?

இராட்டைக்குச் சக்கரம் உண்டு; கதிர் உண்டு; சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் மால் உண்டு; பஞ்சுப் பட்டை உண்டு; சிட்டம் உண்டு. 'மால் தளர்ந்துவிட்டது' என்று ஒருத்தி சொன்னால் அடுத்த வீட்டுக்காரி அதனை இறுக்கித் தருவாள். தேன்பெட்டிக்கு அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, சட்டம், மேல்மூடி எனும் பெயர்கள் வழங்குகின்றன. 'புழு அறையில் சட்டம் இறங்கிவிட்டது' என்று தச்சரிடம் சொல்ல இயலும். சொல் இருந்தால் பழுதைச் சுட்டலாம். பழுதைச் சுட்டினால் உதவி கேட்கலாம். கேட்டவர் கற்றுக்கொள்வார், கற்றவர் மற்றவர்க்குச் சொல்லிக்கொடுப்பார். உறுப்புக்குப் பெயரில்லாத இயந்திரம் பழுதானால், 'வேலை செய்யவில்லை' என்ற ஒரே வாக்கியம்தான் எஞ்சும். அந்த வாக்கியத்தைக் கொண்டு எவரும் எதனையும் செப்பனிட இயலாது.

பெயர் தூய தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. அம்பர் என்ற பெயரும், மலாய்ச் சொல்லும், ஆங்கிலச் சொல்லும் மக்கள் வாயில் பழகிவிட்டால் அவையும் பயன்படும். வேண்டுவது, எல்லோரும் அறிந்து பகிர்ந்துகொள்ளும் சொல். கருவியோடு சொல்லும் சேர்ந்து ஊருக்குள் வர வேண்டும். அப்பணியில் மொழியாசிரியருக்குப் பொறியாளரை விடக் குறையாத பங்கு உண்டு.

நம் மலைக்குத் திரும்புவோம்

கேமரன் மலையில் தொழில்நுட்பம் தேயிலை ஆலையோடுதான் வந்தது என்று எண்ணிவிடலாகாது. இம்மலைகளின் பூர்வகுடிகளான செமாய் மக்கள் மூங்கிலால் ஊதுகுழல் செய்து வேட்டையாடியவர்கள். மூங்கிலும் பிரம்பும் கொண்டு கூடை முடைபவர்கள். மூலப்பொருள் காட்டில், செய்பவர் வீட்டில், பழுதுபார்ப்பவரும் அவரே, உறுப்புகளின் பெயர்கள் அவர்தம் மொழியில். நம் ஐந்து கேள்விகளுக்கும் அவர்களிடம் விடை இருந்தது. வெளியார் ஒருவர் சிற்றூருக்குப் புதிய கருவி கொண்டு வரும்போது வெற்றிடத்துக்குள் வருவதில்லை என்பதை இது உணர்த்துகிறது. ஏற்கெனவே உள்ள அறிவைக் கேட்டறிந்த பின்னரே புதியதைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

நம் நாட்டில் அண்மைக் காலத்தில் பரவியுள்ள கெலுலுட் எனப்படும் கொடுக்கற்ற தேனீயின் வளர்ப்பும் இதற்குச் சான்று. அத்தேனீ குடியிருக்கும் மரத்துண்டை அப்படியே வைத்து, அதன் மேல் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, பெட்டியில் சேரும் தேனை மட்டும் எடுக்கிறார்கள். பழைய கூடு கீழே இருக்கிறது; புதிய நுட்பம் மேலே அமர்கிறது. தேனீ தன் இடத்தை விட்டுப் பெயர வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தம் வீட்டிலோ தோட்டத்திலோ உள்ள ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். கொழுந்துக் கூடையாகவோ, அம்மியாகவோ, தையல் இயந்திரமாகவோ, மருந்து தெளிக்கும் கருவியாகவோ அது இருக்கலாம். அதன் படத்தை வரைந்து, உறுப்புகளுக்குப் பாட்டியும் தாத்தாவும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். எப்பெயருக்குச் சொல் கிடைக்கவில்லை என்பதையும் குறிக்கட்டும். பின்னர் அக்கருவி இறுதியாக எப்போது பழுதாயிற்று, யார் சரிசெய்தார், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டறியட்டும். ஒரு வாரத்தில் உங்கள் பள்ளியில் ஒரு சிறு சொல்லேடும், ஊரின் பொருளாதாரம் பற்றிய உண்மையான பாடமும் ஒருங்கே உருவாகிவிடும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம். சிலர் அரசு அலுவலராகி ஏதேனும் ஒரு கம்போங்குக்கு இயந்திரம் வழங்கும் திட்டத்தில் கையொப்பமிடலாம். அன்று, 1929இல் எழுதப்பட்ட அந்த நிபந்தனைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இயக்கப்போகும் பெண்ணின் களைப்பையும், இருபதாம் ஆண்டின் பழுதையும் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். நம் முன்னோர் இயந்திரம் இருந்த இடத்துக்கு வந்தார்கள். இனி இயந்திரம் மக்களிடம் வருமானால், அது விருந்தாளியாக வந்து போகாமல் வீட்டாளாகத் தங்கும்படி செய்வது உங்கள் பொறுப்பு.